காஸ்டிங் ஷீட்டில் ஏறிய நொய்யல்

திருப்பூரில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் வேலை என்றால் பாதிப் பொழுது காஸ்டிங் ஷீட்டோடுதான், அதாவது ஒரு துணிக்கு ஆகும் செலவைக் கணக்குப் போடும் தாளோடுதான் போகும். நூல், நிட்டிங், டையிங் எனும் சாயம் போடும் செலவு, தையல் கூலி, காஜா பட்டன், பேக்கிங், கமிஷன் எல்லாம் கூட்டிப் பார்த்தால், வாங்கும் வெளிநாட்டுப் பையர் கேட்கும் விலைக்குச் சில சென்ட் இடிக்கும். அதை எங்கே பிடிப்பது? நூல் விலை மில்காரர் கையில். தையல் கூலியை ஓரளவுதான் அழுத்தலாம். அப்போது சுலபமாகப் பிடிபட்டது டையிங்தான்.

டையிங் ஏன் அவ்வளவு மலிவு? கழிவுநீர் சுத்தமாகாமல் நொய்யல் ஆற்றுக்குப் போனது, அவ்வளவுதான். பருத்தித் துணியில் சாயம் ஏற மூட்டை மூட்டையாக உப்பு போட வேண்டும். கழிவுநீரில் நிறத்தை எடுத்தாலும் உப்பு போகாது. பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணீர் தேங்கி, கிணறுகளும் நிலமும் கெட்டன. அணைத் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் சொல்லும் நிலை வந்தது. 2005 ஜனவரி 1-இல் உலக ஜவுளி வர்த்தகத்தில் ஒரு நாடு இவ்வளவுதான் அனுப்பலாம் என்றிருந்த கோட்டா முறை ஒழிந்து ஆர்டர் குவிந்த காலத்தில், இந்தச் செலவு எந்த ஷீட்டிலும் இல்லை.

அதை ஷீட்டில் ஏற்றியது சந்தை அல்ல, விவசாயிகள் போட்ட வழக்கு. 2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே கோர்ட்டைத் திட்டியது. துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டு, ஷிப்மெண்ட் தேதிக்கு அல்லாடினோம். அப்புறம் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ., மிச்சத் தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் என்று சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு வந்தது; டையிங் ரேட் ஏறியது. திருப்பூர் அழிந்துவிடும் என்றார்கள். அழியவில்லை.

ஆனால் ஏறிய ரேட்டைப் பையர் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. "பங்களாதேஷில் இதைவிடக் குறைவு" என்பார்கள். உண்மைதான்: அப்போது அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன துணிக்கு வரி இல்லை, நம் துணிக்கு 9 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. அந்தக் குறைந்த விலையின் இன்னொரு பக்கம் 2013 ஏப்ரல் 24-இல் டாக்கா அருகே தெரிந்தது. ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முந்தைய நாளே விரிசல் தெரிந்தும் தொழிலாளர்களை உள்ளே அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பிறகு எங்களிடமும் பாதுகாப்பைச் சோதிக்கும் ஆடிட்டர்கள் வந்து, தீப்பிடித்தால் வெளியேறும் வழி எங்கே என்று அளந்து பார்த்தார்கள். நல்லதுதான். பீஸ் விலையை மட்டும் எந்தப் பையரும் உயர்த்தித் தருகிறேன் என்று சொல்லவில்லை.

ஏற்றுமதியே கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். மானாவாரி நிலத்தை நம்ப முடியாமல் திண்டுக்கல், தேனி பக்கமிருந்து வந்த குடும்பங்கள் இங்கே வீடு கட்டியிருக்கின்றன. பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்க வைத்திருக்கின்றன.

ஆனால் நொய்யல் விவசாயிக்கு நிலம் இருந்தது, சங்கம் இருந்தது, உள்ளூரில் ஓட்டும் இருந்தது; அதனால்தான் அவர் நஷ்டம் ஷீட்டில் ஏறியது. இன்று மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்களின் ஓட்டு அவர்கள் ஊரில். இங்கே எந்த வேட்பாளரும் அவர்கள் தங்கும் ரூம் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. பனியன் தொழிலில் சங்கங்களும் முதலாளிகளும் போடும் சம்பள ஒப்பந்தம் ஒன்று உண்டு. எங்கள் யூனிட்டில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்டர் சொல்லும் ரேட்தான் கணக்கு.