ஆறாம் எண்ணின் ஊரில் ஒரு நாள், பெட்டி மாறி உட்கார்ந்த கதையோடு

முதலில் புலம்பலை முடித்துவிடுகிறேன். பர்மிங்காமிலிருந்து வேல்ஸின் மேற்குக் கரைக்குப் போகும் ரயிலை மஹன்லெத் என்ற ஊரில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். (இந்தப் பெயரை எப்படிச் சொன்னாலும் உள்ளூர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே திருத்துகிறார்கள். கடைசியில் நான் ‘அந்த ஊர்’ என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.) ஒரு பாதி தெற்கே அபரிஸ்ட்வித்துக்கும் மறுபாதி வடக்கே நான் போகவேண்டிய திசைக்கும் போகும். இதை ஒலிபெருக்கியில் நாலு முறை அறிவித்தார்களாம். நான் அக்கா கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

கண் விழித்தபோது சன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. கடற்கரை ரயில்தானே, சரியாகத்தான் போகிறோம் என்று நிம்மதியாகத் தண்ணீர் குடித்தேன். எதிரே இருந்த அம்மாள்தான் என் டிக்கெட்டை எட்டிப் பார்த்து, “நீங்கள் தப்பான பாதியில் இருக்கிறீர்கள்” என்றார். போர்த் என்ற ஊரில் அவசரமாக இறங்கி, எதிர்த்திசை ரயிலுக்குக் காத்திருந்து, மறுபடி மஹன்லெத் போய், அங்கே இன்னொரு ரயிலுக்குக் காத்திருந்தேன். இந்தப் பாதையில் ரயில்கள் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றுதான். அன்று மதியம் பார்க்க வேண்டிய ஊரை அன்று பார்க்கவே முடியவில்லை. முன்பதிவு செய்த அறை வாடகை மட்டும் பத்திரமாகப் போய்விட்டது.

இவ்வளவு பாடுபட்டு எங்கே போனேன் என்றால், போர்ட்மெய்ரியன். 1967 செப்டம்பரில் தொடங்கி 1968 பிப்ரவரியில் முடிந்த ‘தி பிரிசனர்’ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் வெளிப்புறக் காட்சிகளை எடுத்த ஊர். வேலையை ராஜினாமா செய்த ஓர் உளவாளியை மயக்கி, பெயர் தெரியாத ஒரு கிராமத்தில் கொண்டுவந்து வைக்கிறார்கள். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். அவன் ஆறாம் எண். கிராமத்தை நடத்துபவர் இரண்டாம் எண். அவருக்கும் மேலே இருக்கும் முதலாம் எண் யார் என்று தெரியாது. தப்பித்தால் ‘ரோவர்’ என்ற பெரிய வெள்ளைப் பலூன் உருண்டு வந்து மடக்கிவிடும். பதினேழு பகுதிகள். பதினாறு பகுதிகளை நகம் கடித்தபடி பார்த்த நான், கடைசிப் பகுதியான ‘ஃபால் அவுட்’ முடிந்ததும் ரிமோட்டைச் சோபாவில் எறிந்தேன். அந்தக் கோபம் தீராமல்தான் ஊரையே பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

பார்மத் பாலத்தை மட்டும் சொல்லாமல் போக முடியாது. கழிமுகத்தின் குறுக்கே 1867இல் திறந்த மரப்பாலம். ரயில் அதன்மேல் மெதுவாக ஊர்ந்தபோது கீழே தண்ணீரும் மணல்திட்டும் மாறி மாறி வந்தன. பெட்டியில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பெட்டி மாறி உட்கார்ந்த துக்கம் எனக்கு அங்கேதான் பாதி குறைந்தது.

இரவு போர்த்மாடாக்கில் தங்கல். மழை. திறந்திருந்த ஒரு சின்னக் கடையில் ‘கவ்ல்’ என்ற சூப் கொடுத்தார்கள். ஆட்டுக்கறி, லீக், உருளைக்கிழங்கு எல்லாம் பெரிய பெரிய துண்டுகளாக, மிளகு கொஞ்சம் தூக்கலாக. பக்கத்தில் தடிமனான ரொட்டியும் ஒரு கட்டி சீஸும். சீஸைச் சூப்பிலேயே போட வேண்டுமா, தனியாகக் கடித்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டேன். “உங்கள் வீட்டில் எப்படிச் செய்வீர்களோ அப்படி” என்றார் கடைக்காரர். எங்கள் வீட்டில் எந்தக் குழம்பிலும் சீஸ் போட்டதில்லை என்று எப்படிச் சொல்வது? போட்டேன். உருகி நூலாக இழுத்தது. இங்கிலாந்து வந்த மூன்று வாரத்தில் வெளியே சாப்பிட்டதிலேயே இதுதான் உருப்படியான சாப்பாடு.

மறுநாள் காலை மழை விடவில்லை. இரண்டு மைல் சொச்சம்தானே என்று டாக்ஸி பிடித்ததுதான் தவறு. ஏறும்போது “மீட்டர்படி” என்றார் ஓட்டுநர். இறங்கும்போது மழை, ஞாயிற்றுக்கிழமை, என் பை என்று மூன்று காரணங்கள் சொல்லிப் பதினெட்டு பவுண்டு கேட்டார். என் பை மடியில்தான் இருந்தது! ரூபாயில் கணக்குப் போட்டதும் வயிறு கலங்கியது. ரயிலில் மின்ஃபோர்த் நிலையத்தில் இறங்கினால் ஊருக்கு ஒரு மைல்தான், நடந்தே போய்விடலாம். போகிறவர்கள் அப்படியே செய்யுங்கள். இந்தப் பதிவில் நான் தரும் ஒரே உருப்படியான குறிப்பு இது.

அடுத்த அடி நுழைவுக் கட்டணம். தலைக்குச் சுமார் இருபது பவுண்டு. ஆறாம் எண்ணை இலவசமாகக் கூட்டிவந்து, துணிமணி, வீடு, சாப்பாடு எல்லாம் கொடுத்து வைத்திருந்தார்கள். வெளியே விடவில்லை என்று அவன் பதினேழு பகுதிக்குக் கத்தினான். உள்ளே விடுவதற்கே இங்கே காசு.

ஆனால் உள்ளே போனதும் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. க்ளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் என்ற கட்டடக் கலைஞர் 1925இல் இந்தச் சரிவை வாங்கி, அடுத்த ஐம்பது ஆண்டுகள் இத்தாலியக் கடற்கரை ஊர் போல ஒன்றைக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். எங்கெங்கோ இடிக்கவிருந்த கட்டடங்களின் தூண்களையும் கூரைகளையும் வாங்கி வந்து இங்கே ஒட்டவைத்திருக்கிறார். இளஞ்சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கொலுப்படி மாதிரி வீடுகள். பச்சைக் குவிமாடத்தைப் பார்த்ததும் ‘இரண்டாம் எண்ணின் வீடு’ என்று வாய்விட்டே சொன்னேன். ஒரு வீட்டுச் சன்னலை அருகில் போய்ப் பார்த்தேன். சட்டம், கண்ணாடி, நிழல் எல்லாம் இருந்தன. விரலால் தொட்டால் ஈரச் சுவர். சன்னலே இல்லை, சன்னலின் படம்! மேல்மாடிகளையும் வேண்டுமென்றே சிறிதாகக் கட்டி, உயரமாகத் தெரியும்படி ஏமாற்றியிருக்கிறார். இப்படி ஒரு தொடரை எடுக்க இதைவிட வேறு எந்த ஊரைப் பிடித்திருக்க முடியும்?

மழை வலுத்ததும் தேநீர்க் கடைக்குள் ஒதுங்கினேன். அங்கேதான் அந்த மேசை. கறுப்புக் கோட்டில் வெள்ளைக் கரை வைத்துத் தைத்த, தொடரின் நாயகன் போடும் அதே உடையில் ஒரு பெரியவர். நெஞ்சில் பெரிய சக்கரச் சைக்கிள் படம் போட்ட ‘6’ வில்லை. எதிரே வெள்ளைமுடி அம்மையார் ஒருவர், அவருடைய பேரன். அம்மையார் வில்லையைச் சுட்டிக்காட்டி, “அவன் அதை முதல் பகுதியிலேயே கழற்றி எறிந்துவிட்டான், நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்” என்று கண்டித்துக்கொண்டிருந்தார். பெரியவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். என்னையும் மேசைக்கு அழைத்துவிட்டார்கள்.

பேச்சு நேராக ‘ஃபால் அவுட்’டுக்குத்தான் போனது. நாயகன் பாட்ரிக் மெகூஹனே எழுதி இயக்கிய பகுதி. முதலாம் எண் யார் என்று தொடர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவன் கடைசியில் அந்த வெள்ளை அங்கிக்காரனைப் பிடித்து முகமூடியைக் கிழிக்கிறான். உள்ளே குரங்கு முகம். அதையும் கிழித்தால் அவனுடைய முகமே பைத்தியம் போல் சிரிக்கிறது. எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அந்த அம்மையார் 1968இல் பள்ளி மாணவி. அப்போது தொடரை ஒளிபரப்பிய ஐடிவி சேனலில் வண்ண ஒளிபரப்பு வரவில்லை, எல்லாம் கறுப்பு வெள்ளை. “அந்த நொடியில் எங்கள் அப்பா ஆன்டெனாவைத் திருகிக்கொண்டிருந்தார். குரங்கை மட்டும்தான் பார்த்தோம். முதலாம் எண் ஒரு குரங்கு என்றே பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்” என்றார். ஊர் இளஞ்சிவப்பு நிறம் என்பதும் அவருக்கு இங்கே நேரில் வந்தபோதுதான் தெரிந்ததாம். இது எந்த ஊர் என்பதையே அந்தக் கடைசிப் பகுதியின் தொடக்கத்தில்தான் எழுத்துப் போட்டுச் சொன்னார்கள்.

பேரனுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. நேரமும் பணமும் தீர்ந்துபோய் மெகூஹன் கைக்கு வந்ததை எழுதிவிட்டார், ராக்கெட், பாட்டு, இயந்திரத் துப்பாக்கி என்று கலந்துகட்டி அடித்துவிட்டார், அவ்வளவுதான் என்றான். பார்த்தவர்கள் கோபத்தில் கொதித்ததால் தான் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது என்று மெகூஹனே பின்னாளில் சொன்னதையும் ஆதாரமாகக் காட்டினான். என் கட்சிக்காரன்! ஆனால் பெரியவர் விடவில்லை. கடைசிக் காட்சியில் அவன் தன் லோட்டஸ் காரில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறானே, அது விடுதலை இல்லையா என்றார். அம்மையார் ஸ்பூனைக் கீழே வைத்தார். “லண்டன் வீட்டுக் கதவைப் பார்த்தீர்களா? யாரும் தொடாமல் தானே திறக்கிறது, கிராமத்தில் திறந்த மாதிரியே.”

நானும் பார்த்தவன்தான், அதைக் கவனிக்கவே இல்லை. ரிமோட்டை எறியும் அவசரத்தில் இருந்திருப்பேன்.

அப்புறம்தான் அம்மையார் அந்தக் காற்புள்ளியை எடுத்தார். பெரும்பாலான பகுதிகளின் தொடக்கத்தில் ஓர் உரையாடல் வரும். யார் முதலாம் எண் என்று இவன் கேட்பான். நீ ஆறாம் எண் என்று பதில் வரும். கேள்விக்குப் பதில் சொல்லாமல் மழுப்புகிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆங்கிலத்தில் அந்தப் பதிலின் நடுவே ஒரு மூச்சு விட்டுச் சொன்னால் பொருள் தலைகீழ். முதலாம் எண் நீயேதான் என்று ஆகிவிடும். விடை முதலிலிருந்தே காதில் விழுந்துகொண்டிருந்ததாம், நமக்குத்தான் கேட்கவில்லையாம். பேரன், இது பிற்பாடு ரசிகர்கள் கட்டிய கதை என்றான். இருக்கலாம். ஆனால் என் மண்டைக்குள் வேறொன்று ஓடியது. இது தமிழில் அச்சு அசலாக வருகிறதே!

சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. காகிதக் கைக்குட்டையில் எழுதிக்காட்டினேன்.

நீதான் ஆறாம் எண்.

நீதான், ஆறாம் எண்.

இரண்டையும் மூன்று முறை படித்துக்காட்டச் சொன்னார்கள். அம்மையார் விரலை அந்தக் காற்புள்ளிமேல் வைத்துக்கொண்டு, நான் மூச்சு விடும் இடத்தில் தலையாட்டினார். கைக்குட்டையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். என் தேநீருக்கும் பரா பிரித் துண்டுக்கும் பெரியவர் காசு கொடுத்துவிட்டார். உலர்பழம் போட்ட ரொட்டி மாதிரி கேக், மேலே கனமாக வெண்ணெய். பெரியவர் தன் பர்ஸிலிருந்து, பதினேழு பகுதிகளை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்ற தன் சொந்தப் பட்டியலை எடுத்து விரித்தபோது, பேரன் எழுந்து மழையிலேயே வெளியே போய்விட்டான். ஒளிபரப்பான வரிசை ஒன்று, ரசிகர்களின் வரிசைகள் பல. மெகூஹன் முதலில் ஏழு பகுதிகள் போதும் என்றாராம். அந்த ஏழு எவை என்று அரை மணி நேரம். எனக்கு இப்போதும் அந்தக் கடைசிப் பகுதியில் லாரியில் ஆடிப்பாடிப் போகும் இடம் பிடிக்கவில்லை, நீளம். கதவுக்காக மட்டும் மன்னித்துவிட்டேன்.

கடையில் சைக்கிள் படம் போட்ட கோப்பையைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்து, திரும்ப அதே இடத்தில் வைத்தேன். டாக்ஸிக்காரர் கொண்டுபோன பணத்தில் வாங்கியிருக்கலாம்.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. கழிமுகத்தில் தண்ணீர் வடிந்து மணல் பரந்து கிடந்தது. மின்ஃபோர்த்துக்கு நடந்தேன். ரயில் வந்ததும் ஏறாமல், நடத்துநரிடம் பர்மிங்காமுக்கு எந்தப் பெட்டி என்று கேட்டேன். நிச்சயமா என்று இன்னொரு முறையும் கேட்டேன்.

“திரும்பும்போது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். எதில் உட்கார்ந்தாலும் அங்கேதான் போவீர்கள்” என்றார்.