கப்பிக்கு எண்ணெய்

பள்ளிக்கூட மலர்க் குழுவிலிருந்து கதைத்த தம்பி, "அண்ணை, டைனமோ சேரைப் பற்றி நீங்கள்தான் எழுதித் தரவேணும்" என்றார். சேரிடம் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள் லண்டனிலேயே இருபது பேர் இருக்கிறார்களே, ஏன் நான் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நீங்கள்தானே கப்பி அண்ணை?"

அந்தத் தம்பி ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது நான் நாட்டை விட்டு வந்து மூன்று வருடம். பெயர் மட்டும் அங்கேயே நின்று படித்திருக்கிறது.

சேர் காலமான செய்தி போன தையில் வந்தது. எம் 25 நெடுஞ்சாலையில் வழக்கம்போல் அசையாமல் நின்றிருந்தோம். வட்ஸ்அப்பை மனைவி வாசித்துச் சொன்னா. அப்போது காரில் ஓடிக்கொண்டிருந்தது டொக்டர் ஹூ. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். பிபிசியில் 1963 நவம்பர் 23 ஆம் திகதி தொடங்கி 1989 டிசம்பரில் நிறுத்தப்பட்ட தொலைக்காட்சித் தொடர் அது; நீலப்பெட்டி ஒன்றில் காலத்திலும் விண்வெளியிலும் சுற்றுகிற டொக்டர் என்றொருவரின் கதை. பத்து வருடம் கழித்து, 1999 ஜூலையில், பிக் பினிஷ் என்றொரு நிறுவனம் உரிமம் வாங்கி, பழைய நடிகர்களையே கூப்பிட்டு, படமே இல்லாமல் குரலிலும் சத்தத்திலும் கதையைத் தொடரத் தொடங்கியது. இறுவட்டில் வந்த அந்த மாத வரிசை 2021 மார்ச்சில் 275 ஆவது நாடகத்தோடு முடிந்தது. முக்கால்வாசி என்னிடம் இருக்கிறது. தொலைக்காட்சித் தொடரும் 2005 இல் திரும்பி வந்துவிட்டதே, அப்பா ஏன் இன்னும் இதைக் கேட்கிறார் என்று என் மகளுக்கு விளங்குவதில்லை. எங்கள் பிரதான மண்டபத்தில் இருந்தவர்களுக்கு விளங்கும்.

1978, விஞ்ஞான மன்ற விழா. மேடையில் ஒரு ஸ்டூல், அதன்மேல் ஒரு வானொலிப் பெட்டி. வேறொன்றும் இல்லை. திரைக்குப் பின்னால் ஒரு மைக்கைச் சுற்றி நாங்கள் ஏழு பேர். சேர் எழுதிய நாடகத்தில் செவ்வாய்க்குப் போன கப்பல் திரும்பி வருகிறது, பூமியிலிருந்து பதிலைக் காணோம். கப்பல் தலைவன் நான். பதினான்கு வயதுக் குரலை நம்பி ஒரு கப்பலைக் கொடுத்தது சேரின் பிழை என்று இன்றைக்குச் சொல்லலாம்.

"பூமியே, பூமியே, கேட்கிறதா?"

முதல் பூமி ஒழுங்காக வந்தது. இரண்டாவது பூமியில் குரல் உடைந்து, எங்கேயோ மேலே போய்க் கீச்சிட்டு, தொப்பென்று கீழே விழுந்தது. மண்டபம் ஒரு மூச்சு அளவு அமைதியாக இருந்தது. பிறகு பின்வாங்கில் ஒருவன் விசிலடித்தான். நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன், இன்னும் மோசம். அப்போது சேர், மைக் திறந்திருப்பதை மறந்து, என் காதருகே குனிந்து சொன்னார்: "தம்பி, கப்பிக்கு எண்ணெய் விட்டுட்டு வா."

ஸ்டூல் மேல் இருந்த பெட்டி அதை மண்டபம் முழுக்கச் சொன்னது. அதிபரும் சிரித்தார் என்று கேள்வி. திரைக்குப் பின்னால் இருந்ததால் நான் பார்க்கவில்லை. அதுவரை எனக்கு வேறு பட்டம் கிடையாது.

அடுத்த கிழமை அதே நாடகம் பெண்கள் கல்லூரிக்குப் போனது. தலைவன் வேறொருவன்; இப்போது ரொறன்ரோவில் பல் வைத்தியர், குரல் இன்னும் கணீரென்று இருக்கிறது. நான் ரோசத்தோடு வீட்டில் நின்றுவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. போனேன். சத்தம் போடுவதற்கு.

ஏனென்றால் விழா முடிந்த திங்கட்கிழமை சேர் என்னை ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டார். சொன்னதற்கு வருத்தம் ஒன்றும் காட்டவில்லை. தன் ரலி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்று என்றார். சுழலும் கம்பிகளில் ஈர்க்கைப் பிடித்தால் கப்பல் மெல்லப் போகிறது. ஆய்வுகூடத் திறப்பைப் பிடித்தால் புறப்படுகிறது. டைனமோவை டயரில் தட்டிவிட்டால் இறங்குகிறது. "கண்ணை மூடிக்கொண்டு சுத்து. சைக்கிள் கேட்டால் பிழை, கப்பல் கேட்டால் சரி." ஒரு மணித்தியாலம் சுற்றினேன். கை முழுக்கக் கிறீஸ். சைக்கிள்தான் கேட்டது. காவலாளி ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்த நேரம், எப்படியென்று தெரியாது, கப்பல் கேட்டது. சேர் ஒன்றும் சொல்லாமல் விளக்கைப் போட்டார்.

டொக்டர் ஹூவின் நீலப்பெட்டி புறப்படும் சத்தத்தை பிபிசி ஒலிப்பட்டறையில் பிரையன் ஹொட்ஜ்சன் எப்படி எடுத்தார் என்பதைப் பல வருடம் கழித்து வாசித்தேன். பழைய பியானோவின் தடித்த கம்பியில் ஒரு வீட்டுத் திறப்பை உரசியிருக்கிறார். வாசித்த இடத்திலேயே எழும்பி நின்றுவிட்டேன். சொல்ல ஓடவேண்டிய ஆள் ஐயாயிரம் மைலுக்கும் மேல் தள்ளி இருந்தார்.

1984 இல் வந்தேன். ஈஸ்ட்ஹாமில் எட்டுப் பேர் ஒரு வீடு, ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி. சனிக்கிழமை பின்னேரங்களில் பெற்றோல் ஷெட் வேலைக்கு வெளிக்கிடுமுன் கொலின் பேக்கரை அதில்தான் பார்த்தேன். நடிகர் மாற மாற டொக்டரும் மாறுவார்; இவர் கண்ணைக் குத்தும் பல நிறக் கோட்டு அணிந்த ஆறாவது டொக்டர். எங்களுக்கு அது சாம்பல் கோட்டு. 1985 இல் தொடரை ஒன்றரை வருடம் நிறுத்தி வைத்தார்கள். 1986 முடிய அவரையே நிற்பாட்டினார்கள். கோட்டையும் சொன்னார்கள், குணத்தையும் சொன்னார்கள். அந்தாள் விழுந்த மாதிரி நானும் ஒருக்கால் விழுந்திருக்கிறேன் என்று நினைத்ததைத் தவிர எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

அதே ஆளை 2000 ஆம் ஆண்டு இறுவட்டில் கேட்டேன். கோட்டு இல்லை, குரல் மட்டும். ஒலி நாடகத்தில் அவருக்குப் புதிதாகத் துணை கொடுத்திருந்தார்கள்: எவெலின் ஸ்மைத், ஐம்பத்தைந்து வயது வரலாற்று விரிவுரையாளர், மாகி ஸ்டேபிள்ஸ் நடித்தது. அலறி ஓடுகிற இளம்பெண் அல்ல. டொக்டர் பெரிதாகக் கதைத்தால், பின்வாங்கில் கதைக்கிற பெடியனை அடக்குவதுபோல் அடக்குவா. அவவுக்குப் பக்கத்தில் அந்தக் குரல் பணிந்து, கனிந்து போகிறது. தொலைக்காட்சியில் தோற்ற ஆளை ஒரு வாத்தியாரம்மா சத்தத்தில் தூக்கி நிறுத்தியதைக் கேட்டபடி கார்த் தரிப்பிடத்தில் அரைமணி இருந்தேன்.

சேரிடம் விடைபெறப் போனபோது வெற்றுக் கசெற் ஒன்று தந்தார், அறுபது நிமிடம். "போற இடத்தில என்னென்ன சத்தம் இருக்கெண்டு பிடிச்சு அனுப்பு. முதல்ல நிலத்துக்குக் கீழ ஓடுற ரயில்." முதலில் ரெக்கோடர் இல்லை. ரெக்கோடர் வாங்கியபோது நேரம் இல்லை. நேரம் வந்தபோது தபால் போகவில்லை. பிறகு எல்லாம் இருந்தது, வெட்கமும் இருந்தது. சேர் பதிந்து வைத்திருந்த எங்கள் நாடகம் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். பிபிசி அழித்துவிட்ட அறுபதுகளின் டொக்டர் ஹூ அங்கங்கள் தொண்ணூறுக்கும் மேல். ஆனால் பெட்டிக்கு முன்னால் மைக்கை வைத்துப் பதிந்த பெடியன்களால் அத்தனையின் சத்தமும் தப்பியிருக்கிறது. எங்கள் வீடுகளில் அப்படி ஒருவனும் இல்லை.

2011 இல் ஊருக்குப் போனபோது சேர் வீட்டு ஒழுங்கை வரை நடந்தேன். கசெற்றைக் கேட்டால் என்ன சொல்வது என்று திரும்பிவிட்டேன். அது இன்னும் மேசை லாச்சியில், கண்ணாடித்தாள் பிரிக்காமல் இருக்கிறது.

முப்பத்தொன்றுக்குப் போட்டுக் காட்ட, வெளிநாட்டுப் பழைய மாணவர்களிடம் இரண்டு நிமிடக் குரல் பதிவு கேட்டா சேரின் மகள். ஹரோவில் எங்கள் வளவுக்குப் பின்னால்தான் மெட்ரோபொலிட்டன் லைன் பாதாள ரயில், இந்தப் பக்கம் அது நிலத்துக்கு மேலே ஓடுகிறது. தோட்டத்தில் நின்று பதிந்து அனுப்பினேன். அன்று பின்னேரமே பதில் வந்தது.

"அண்ணா, நல்லாக் கதைச்சிருக்கிறீங்கள். பின்னால ஏதோ ரயில் இரையுது, கடைசிப் பக்கம் விளங்கேல்லை. ஒருக்கால் திரும்ப அனுப்புவீங்களே?"

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ரயில் இல்லாமல், திரும்ப அனுப்பினேன்.