பாலியூரித்தேன் வைவாவுக்குப் போகிறவர்கள் ஹைட்ராக்சில் எண்ணைக் கையால் போட்டுப் பாருங்கள்

முடிவு வந்துவிட்டது. தேறிவிட்டேன், ஆனால் எதிர்பார்த்த மதிப்பெண் இல்லை. அறிக்கையின் அட்டைக்கும் ஓரத்துக்கும் கொடுத்த முக்கியத்துவத்தை ஆய்வகத்தில் நின்றதற்குக் கொடுக்கவில்லை என்பது என் மனத்தாங்கல். போகட்டும். பாலியூரித்தேன் ஃபோம் கழிவைக் கிளைகாலிசிஸ் செய்யும் (அதாவது கிளைகாலோடு சூடாக்கி உடைத்து, ஃபோமின் மூலப்பொருளான பாலிஆலை மீட்கும்) தலைப்பை அடுத்து எடுக்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

உடைக்க டைஎத்திலீன் கிளைகால், 200 டிகிரி சூடு, வினையூக்கியாகப் பொட்டாசியம் அசிட்டேட் என்று எல்லோரும் ஒப்பித்துவிடுவீர்கள். புறத்தேர்வாளர் அங்கே நிற்கவே இல்லை. "மீட்ட பாலிஆலுக்கு ஹைட்ராக்சில் எண் ஏன் இவ்வளவு கூடியிருக்கிறது?" என்றுதான் ஆரம்பித்தார். என்னைக் கரையேற்றியது அந்த ஒரு கேள்விதான். ஹைட்ராக்சில் எண் என்பது ஒரு பொருளில் எவ்வளவு ஹைட்ராக்சில் (OH) இருக்கிறது என்பதற்கான அளவு. அதைப் போட, 56,100ஐ ஒரு மூலக்கூறிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, மூலக்கூறு எடையால் வகுக்க வேண்டும். மெத்தை ஃபோமுக்குப் போகும் 3000 எடையுள்ள டிரைஆலுக்கு (மூன்று ஹைட்ராக்சில் கொண்ட பாலிஆல்) 56 வரும். டைஎத்திலீன் கிளைகாலுக்கோ 1057. பத்து சதவீதம் கிளைகால் தங்கிவிட்டாலே கலவை 156க்கு ஏறிவிடும். பலகையில் போட்டுக் காட்டினேன். அதன்பிறகு அவர் குரலே மாறிவிட்டது.

அடுத்து அமீன். ஆய்வகத்தில் ஹைட்ராக்சில் எண்ணை அளக்க, அசிட்டிக் அன்ஹைட்ரைடோடு வினைபுரியவிட்டு டைட்ரேஷன் செய்வோம். அந்த அன்ஹைட்ரைடை அமீனும் தின்னும், ஆகவே டைட்ரேஷன் அதையும் ஹைட்ராக்சில் கணக்கிலேயே சேர்த்துவிடும். அமீன் எங்கிருந்து வந்தது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஃபோம் உப்புவதற்குச் சேர்க்கும் தண்ணீர், ஃபோமின் இன்னொரு மூலப்பொருளான ஐசோசயனேட்டுடன் வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடை வெளியேற்றும். கூடவே யூரியா பிணைப்புகளும் உருவாகும். கிளைகால் அந்தப் பிணைப்பை வெட்டினால் ஒரு பக்கம் கார்பமேட், மறுபக்கம் அமீன். ஐசோசயனேட் திரும்பக் கிடைக்கும் என்று மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். விளைபொருளின் அகச்சிவப்பு வரைபடத்தில் ஐசோசயனேட்டுக்குரிய 2270 செ.மீ⁻¹ல் சிகரம் தேடுவது வீண் வேலை.

மாதிரிக்கு நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் குஷன் தைக்கும் கடைகளில் வெட்டுத்துண்டு கேட்டு வாங்கினேன். தையற்காரர்கள் தாராளமாகக் கொடுப்பார்கள். பசை ஒட்டியதைக் கழித்துவிடுங்கள். பழைய பிரிட்ஜின் கடின ஃபோமை இதோடு கலக்கவே வேண்டாம். அதன் பாலிஆல் குட்டைச் சங்கிலி. கிளைகாலோடு கலந்தே கிடக்கும், மெத்தை ஃபோமில்போல பாலிஆல் மேலடுக்கு, கிளைகால் கீழடுக்கு என்று பிரியாது.

கூட்டமாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. நண்பர்கள் ஏற்காட்டில் அறை எடுத்துப் படிக்கலாம் என்றார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கியபின் யாருக்கு வினைவழிமுறை ஞாபகம் இருக்கும்? நான் வீட்டிலேயே இருந்துகொண்டேன்.

மற்றவை சுருக்கமாக:

– பாலியூரித்தேனைக் கண்டுபிடித்தவர் ஓட்டோ பேயர், 1937. கேட்டால் சொல்லுங்கள், நீங்களாக எடுத்துவிடாதீர்கள்.
– ஃபோமை உடைக்கும் மற்ற வழிகளான நீராற்பகுப்பு (தண்ணீரால்), அமினாலிசிஸ் (அமீனால்), அசிடோலிசிஸ் (அமிலத்தால்) மூன்றுக்கும் விளைபொருள் என்ன என்று ஒவ்வொரு வரி போதும்.
– பொருள் சமநிலைக் கணக்கு இல்லாமல் மீட்பு சதவீதம் பேசாதீர்கள்.
– சுற்றுச்சூழல் முன்னுரை ஒரு சிலைடுக்கு மேல் வேண்டாம். என் வழிகாட்டி நான்கு போடச் சொன்னார். தேர்வாளர் நான்கையும் தள்ளிவிடச் சொன்னார்.
– மேலடுக்குப் பாலிஆலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கீழடுக்கு எங்கே என்று கேட்பார்கள். அதில் டொலுயீன் டைஅமீன் இருக்கிறது, புற்றுநோய் ஐயமுள்ள பொருள். தொட்டியில் கொட்டாமல் பெயர் ஒட்டிய புட்டியில் மூடிவைத்து, அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.