விஸ்டம் டூத் எடுக்கணும்: ஊசியா, கேஸா, மயக்கமா?

கீழ்த்தாடைல ரெண்டு பக்கமும் விஸ்டம் டூத் (கடைசியா முளைக்கற கடவாப்பல்லு) எடுக்கறதுன்னு முடிவாயிடுச்சு, அடுத்த சனிக்கிழமை காலைல, இங்க மும்பைல செம்பூர்லயே. எடுக்கணுமா வேண்டாமாங்கறதுல எனக்கு ரொம்ப குழப்பம் வரல, ஆனா நான் கிளம்பும்போது சர்ஜன் கேட்ட கேள்விதான் மண்டையக் குடைஞ்சுட்டே இருந்துது. லோக்கல்ல (அந்த இடத்த மட்டும் மரத்துப் போக வைக்கற ஊசி) பண்ணலாம், கேஸ் வெச்சு பண்ணலாம், ஐவி செடேஷன் (ரத்தக்குழாய்ல மருந்து ஏத்தி அரை மயக்கம்) குடுத்து பண்ணலாம், ஆஸ்பத்திரில அட்மிட் ஆகி முழு மயக்கத்துலயும் பண்ணலாம், உங்களுக்கு எது சரிப்படும்னு யோசிச்சு சொல்லுங்கன்னுட்டாங்க. கடைக்குப் போய் துணி எடுக்கற மாதிரி நம்மகிட்டயே விட்டுட்டா நமக்கு என்ன தெரியும் சொல்லுங்க.

ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. வாஷில என் ஆபீஸ்ல பக்கத்து சீட் அக்கா "லோக்கலே போதும், நான் அப்படித்தான் எடுத்தேன், இருபது நிமிஷம்"ங்கறாங்க. இன்னொருத்தர் "தூங்க வெச்சுடச் சொல்லு, முழிச்சா பல்லு இருக்காது"ங்கறார். திருநெல்வேலிலேருந்து அம்மா போன்ல, "ஏட்டி, பல்லு புடுங்கதுக்கு எதுக்கு மயக்க மருந்து, கிராம்பு வச்சா கேக்காதா"ன்னு. எல்லாரும் அவங்கவங்க பல்லையும் அவங்கவங்க பயத்தையும் வெச்சு சொல்றாங்க. என் பல்லு எப்படி இருக்குன்னும் எனக்கு எதுல பயம்னும் நான்தானே பாக்கணும்.

முதல்ல பல்லு. மழை ஆரம்பிச்ச சமயத்துல இடது பக்கம் கடைசில ஈறு வீங்கி, வாயத் திறந்தா ரெண்டு விரல் நுழையற அளவுக்குத்தான் திறக்க முடிஞ்சுது, வடாபாவை பிச்சுப் பிச்சு உள்ள தள்ளிட்டிருந்தேன். பல்லு பாதி வெளில வந்து பாதி ஈறுக்குள்ளயே நின்னா அதுக்கு மேல ஒரு சதை மூடி மாதிரி கிடக்கும், அதுக்கடில சாப்பாடு போய் மாட்டும், பிரஷ் போகாது, அங்க இன்ஃபெக்ஷன் வரும். மாத்திரை போட்டா அடங்கும், ஆனா அந்த இடுக்கு அப்படியேதான இருக்கு, அதனால திரும்ப வரும். எனக்கும் திரும்ப வந்துது.

அப்புறம்தான் ஓபிஜி எக்ஸ்ரே, ரெண்டு தாடையும் எல்லா பல்லும் ஒரே படத்துல தெரியறது. நின்னுக்கிட்டே ஒரு பிளாஸ்டிக் குச்சிய முன்பல்லால கடிச்சு தாடைய ஒரு தாங்கில வெச்சுக்கணும், மெஷின் தலையச் சுத்தி ஒரு ரவுண்டு வரும், அவ்வளவுதான். படத்தைப் பாத்ததும்தான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. வலது பக்கப் பல்லு கொஞ்சம் சாஞ்சு நிக்குது, பரவால்ல. இடது பக்கம் அப்படியே படுத்துக் கிடக்கு, தலை முன்னாடி இருக்கற கடவாப்பல்லோட வேர்ல முட்டிக்கிட்டு. அதோட வேருக்குக் கீழ ரெண்டு மெல்லிசான வெள்ளைக் கோடு பக்கத்துப் பக்கத்துல ஓடுது, நரம்பு போற குழாய் அதுதான்னு பேனா நுனிய வெச்சுக் காட்டினாங்க, கீழ் உதட்டுக்கும் தாடை முனைக்கும் உணர்ச்சி குடுக்கற நரம்பு. என் பல்லோட வேர் வர்ற இடத்துல அந்தக் கோடு மங்கிப் போயிருந்துது. அதனால சிபிசிடி ஸ்கேனும் எடுத்தாச்சு, அதுல வேர் நரம்புக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு முப்பரிமாணமா தெரியும்.

இங்க ஒண்ணு சொல்லிடறேன், விஸ்டம் டூத் இருக்குங்கறதுக்காகவே எடுக்க வேண்டியதில்ல. பொதுவா 17லேருந்து 25 வயசுக்குள்ள வருது, இடம் இருந்தா நேரா வந்து பாட்டுக்கு நிக்கும். இங்கிலாந்துல நைஸ்ங்கற மருத்துவ வழிகாட்டி அமைப்பு 2000லயே, தொந்தரவு குடுக்காத, நோய் இல்லாத விஸ்டம் டூத்த சும்மா முன்னெச்சரிக்கைன்னு எடுக்காதீங்கன்னு சொல்லிடுச்சு. எனக்கு இன்ஃபெக்ஷன் திரும்பத் திரும்ப வருது, அதுக்கு முன்னாடி இருக்கற கடவாப்பல்லும் கெட ஆரம்பிச்சிருக்கு, அதனால எடுக்கறேன். உங்க டாக்டர் எடுங்கன்னா எதனாலன்னு கேளுங்க, எக்ஸ்ரேல காட்டச் சொல்லுங்க.

சரி, இப்ப அந்த நாலு வழி.

லோக்கல்ங்கறது எல்லாத்துக்கும் அடிப்படை, இது எனக்கு தெரியாம இருந்துது. கேஸ் குடுத்தாலும் ஐவி குடுத்தாலும் மரத்துப் போற ஊசி கூடவே போட்டுத்தான் ஆகணும், ஏன்னா வலிய நிறுத்தறது அந்த ஊசிதான், மத்ததெல்லாம் முக்கியமா பயத்தைக் குறைக்கத்தான். பெரும்பாலும் லிக்னோகெயின், கூடவே கொஞ்சம் அட்ரினலின், ரத்தம் கசியறத குறைக்கவும் மருந்து அங்கயே நிக்கவும். அந்த அட்ரினலினால சிலருக்கு ஊசி போட்ட ரெண்டு நிமிஷத்துல நெஞ்சு படபடன்னு அடிக்கும், உடனே அய்யோ எனக்கு என்னமோ ஆகுதுன்னு பயந்துடுவாங்க, அது தானா அடங்கிடும்.

இதுல யாரும் தெளிவா சொல்லாத விஷயம், லோக்கல் வலியத்தான் நிறுத்தும், அழுத்தத்த நிறுத்தாது. வலியச் சொல்ற நரம்பிழை மெல்லிசு, அது சீக்கிரம் மரத்துடும், தொடுறது அழுத்தறதெல்லாம் சொல்ற இழை தடிமன், அது பாதி முழிச்சிட்டேதான் இருக்கும். அதனால தள்றது, இழுக்கறது, தாடை கீழ போற மாதிரி அமுக்கறது எல்லாம் தெரியும். சத்தமும் கேக்கும், எலும்பு வழியா நேரா காதுக்குள்ள. படுத்துக் கிடக்கற பல்ல முழுசா எடுக்க முடியாது, டிரில் வெச்சு ரெண்டு மூணு துண்டா வெட்டித்தான் எடுப்பாங்க, அப்ப வர்ற மளுக்குங்கற சத்தம் பல்லு உடையற சத்தம், தாடை உடையல. இத முன்னாடியே தெரிஞ்சு போறவங்களுக்கு லோக்கலே தாராளமா போதும்னு நானும் நம்பறேன். செலவு கம்மி, சாப்பிட்டுட்டே போலாம், முடிஞ்சதும் நடந்து வீட்டுக்கு வரலாம். காசு இடிக்குதுன்னா மும்பை சென்ட்ரல்ல நாயர் ஆஸ்பத்திரி டெண்டல் காலேஜ் இருக்கு, மாநகராட்சியோடது, கூட்டம் இருக்கும், ஆனா இந்த வேலை அங்க தினசரி வேலை.

அப்புறம் வீக்கமும் சீழும் இருக்கும்போது போய் இன்னைக்கே எடுங்கன்னு நிக்காதீங்க. இன்ஃபெக்ஷன் இருக்கற இடம் அமிலமா மாறிடும், அங்க இந்த ஊசி மருந்து நரம்புக்குள்ள சரியா போகாது. போன தடவ லோக்கல் எனக்கு வேலையே செய்யலன்னு சொல்றவங்கள்ல பல பேருக்கு காரணம் இதுதான். முதல்ல அத அடக்கிட்டுத்தான் எனக்கும் தேதி குடுத்தாங்க.

கேஸ்னா நைட்ரஸ் ஆக்சைடு, சிரிப்பு வாயுன்னு சொல்லுவாங்களே அது. மூக்குல மாஸ்க் வெச்சு ஆக்சிஜனோட கலந்து குடுப்பாங்க, உடம்பு லேசாகி மிதக்கற மாதிரி இருக்கும், பேசினா பதில் சொல்லுவோம். கடைசில வெறும் ஆக்சிஜன் அஞ்சு நிமிஷம் போல குடுத்தா தெளிஞ்சுடும், அதுதான் இதோட பெரிய நன்மை. பல் வைத்தியத்துல மயக்கம்ங்கற கதையே இங்கதான் ஆரம்பிக்குது, 1844 டிசம்பர்ல அமெரிக்கால ஹார்ட்ஃபோர்ட்ல ஹொரேஸ் வெல்ஸ்ங்கற பல் டாக்டர், மேடைல இந்த கேஸ இழுத்த ஒருத்தர் கால்ல அடிபட்டும் வலி தெரியாம நின்னதப் பாத்துட்டு, மறுநாளே தானே கேஸ இழுத்து தன் பல்லையே இன்னொரு டாக்டரை விட்டு எடுக்கச் சொன்னார். எவ்வளவு துணிச்சல் பாருங்க. ஆனா எனக்கு வருஷத்துல பாதி நாள் சைனஸ், மூக்கடைச்சிருந்தா கேஸ் போகாது, அதனால இது எனக்கில்ல. முதல் மூணு மாச கர்ப்பிணிகளுக்கும் இத தவிர்க்கறாங்க.

இந்த நாலு போக, பயத்தைக் குறைக்க மாத்திரையும் ஒண்ணு இருக்கு, போறதுக்கு முன்னாடி போட்டுக்கற அல்பிரசோலாம் மாதிரி. முழுங்கிட்டா அளவ கூட்டவோ குறைக்கவோ முடியாது, ஒருத்தருக்கு ஒண்ணும் ஆகாது, இன்னொருத்தர் தள்ளாடுவார். வீட்ல யாருக்கோ எழுதிக் குடுத்தத எடுத்து நீங்களா போட்டுக்காதீங்க, தயவு செஞ்சு.

ஐவி செடேஷன். கைல ரத்தக்குழாய்ல ஊசி போட்டு மிடசோலாம்னு ஒரு மருந்து சொட்டுச் சொட்டா, ஆளப் பாத்து அளவு ஏத்துவாங்க. எல்லாரும் தூக்கம்னு நினைச்சுக்கறாங்க, தூக்கம் இல்ல. வாயத் திறங்கன்னா திறப்போம், வலிச்சா கைய அசைப்போம், ஆனா நடந்தது நினைவுல பதியாது. எனக்கு ஊசிக்கு பயம் கிடையாது, வலியக்கூட தாங்கிடுவேன். வாய ரொம்ப நேரம் திறந்து வெச்சுக்கிட்டு, தொண்டைகிட்ட தண்ணி நிக்க, குமட்டிக்கிட்டு, இன்னும் எவ்வளவு நேரம்னு தெரியாம கிடக்கறதுதான் என் பயம். எக்ஸ்ரே எடுக்கும்போதே எனக்கு ஓங்கரிச்சுது. படுத்துக் கிடக்கற பல்லு, பக்கத்துல நரம்பு, ரெண்டு பக்கமும் ஒரே தடவைல, ஒரு மணி நேரத்துக்கு மேலயும் ஆகலாம்னு சொல்றாங்க. அந்த நேரம் எனக்கு ஞாபகத்துல வேண்டாம். அதனால ஐவின்னு முடிவு பண்ணேன்.

ஆனா ஐவின்னு முடிவு பண்றதோட வேலை முடியல, யார் குடுக்கறாங்கங்கறதுதான் முக்கியம். முதல்ல போன ஒரு கிளினிக்ல (பேர் வேண்டாம்) மயக்க டாக்டர் யாருன்னு கேட்டா, "அதெல்லாம் சாரே பாத்துப்பார்"னு ரிசப்ஷன்ல சிரிச்சாங்க. பல்லு எடுக்கறவர் கண்ணு பல்லுல இருக்கும், என் மூச்ச யார் பாப்பா? இந்த மருந்து அதிகமானா மூச்சு மந்தமாகும். விரல்ல பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டி, அதப் பாக்கறதுக்குன்னே ஒரு ஆள், ஆக்சிஜன், மருந்த முறிக்கற ஃப்ளூமசெனில் எல்லாம் பக்கத்துல இருக்கணும். இத தயங்காம கேளுங்க, கேக்கறதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்ல. பதில் மழுப்பலா வந்தா எழுந்து வந்துடுங்க, நான் வந்துட்டேன்.

இப்ப போற இடத்துல மயக்க டாக்டர் தனியா போன் பண்ணாங்க. எடை என்ன, ஆஸ்துமா உண்டா, தைராய்டு மாத்திரை எந்த நேரம், வீட்ல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காம போயிருக்கா, அப்புறம் "குறட்டை விடுவீங்களாம்மா?" நான் கொஞ்சம் வெக்கப்பட்டு, தெரியலியே டாக்டர்னேன். "ரூம்மேட்ட கேட்டு சொல்லுங்க, வெக்கப்படாதீங்க, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றவங்களுக்கு நான் மருந்த வேற மாதிரி குடுக்கணும்"னாங்க. அந்த ஒரு கேள்விலயே எனக்கு பாதி பயம் போயிடுச்சு. இவங்க ஃபீஸ் தனி, லோக்கலுக்கும் ஐவிக்கும் காசு வித்தியாசம் வர்றது முக்கியமா இதனாலதான், அந்தக் காசு எனக்கு உறுத்தல.

முழு மயக்கம் பத்தி கொஞ்சம்தான் சொல்லணும். மூக்கு வழியா குழாய் விட்டு மூச்சுக்கு வழி பண்ணி, ஆஸ்பத்திரி தியேட்டர்ல. ரொம்ப சிக்கலான பல்லு, நாலையும் ஒண்ணா எடுக்கறது, இல்ல வேற எந்த வழிலயும் உக்காரவே முடியாத அளவு பயம், அதுக்கு அது சரி. ரெண்டு பல்லுக்கு எனக்கு அது அதிகம்னு சர்ஜனே சொன்னாங்க.

ஐவில தனியா இருக்கறவங்களுக்கு ஒரு சங்கடம் இருக்கு, கூட ஒரு ஆள் வந்தே ஆகணும். ஆட்டோ பிடிச்சு போயிக்கறேன்னா விட மாட்டாங்க. இருபத்திநாலு மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, கையெழுத்து போடற வேலை எதுவும் கூடாது, ராத்திரி பாத்துக்க ஒருத்தர் வேணும். மும்பைல ரூம் எடுத்துத் தங்கியிருக்கற எத்தனையோ பேரு இதனாலயே பல்லக் கடிச்சுக்கிட்டு லோக்கல்ல போறாங்க, என் ரூம்மேட்டும் அப்படித்தான், அவ ஊரு நாசிக், அன்னைக்கு வர ஆளில்ல. எனக்கு சயான்ல சித்தி வீடு இருக்கு. கேக்கவே கூச்சமா இருந்துது, ஆனா சித்தப்பா "நான் வாரேம்மா, சனிக்கிழமை டூட்டிய மாத்திக்கிடுதேன், நீ நம்ம வீட்டுக்கே வந்திரு"ன்னுட்டார். சித்தி செட்டா நகர் முருகன் கோவில்ல அர்ச்சனைக்கு சொல்லிட்டாங்க, கூடவே கஞ்சி, பருப்புத் தண்ணி, ஆறவெச்ச ரசம்னு மெனுவும் போட்டாச்சு.

ஐவிக்கு ஆறு மணி நேரம் முன்னாடியே சாப்பாட்ட நிறுத்தணும், வெறும் தண்ணி ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும். அப்புறம் ரெண்டாம் மூணாம் நாள்தான் வீக்கம் உச்சத்துல இருக்குமாம், அதனால ஆபீஸ்ல லீவு அதுக்கேத்த மாதிரி போட்டுட்டேன். ஸ்ட்ரா போட்டு உறியக் கூடாது, துப்பக் கூடாது, பல்லு எடுத்த குழில உறைஞ்ச ரத்தக்கட்டி கலைஞ்சா எலும்பு வெளில தெரிஞ்சு, ரெண்டு மூணு நாள் கழிச்சு வலி புதுசா கிளம்பும். சிகரெட் பிடிக்கறவங்களுக்கு இது அதிகமா வருதாம்.

கையெழுத்து போட வேண்டிய ஃபார்ம வீட்டுக்கு கொண்டு வந்து நிதானமா படிச்சேன். உதடோ நாக்கோ மரத்துப் போறதுக்கு சின்ன வாய்ப்பு, பெரும்பாலும் சரியாயிடும், எப்பவாவது அப்படியே நின்னுடலாம்னு இருந்துது. இத எந்த மயக்க மருந்தும் மாத்தாது. திரும்பப் போய் சர்ஜன்கிட்ட கேட்டேன், இடது பக்கம் வேர் நரம்புல ஒட்டியிருந்தா என்ன பண்ணுவீங்கன்னு. பல்லோட தலைய மட்டும் வெட்டி எடுத்துட்டு வேர அங்கயே விட்டுடற முறை ஒண்ணு இருக்கு, கரோனெக்டமின்னு பேரு, உள்ள பாத்துட்டு தேவைப்பட்டா அத பண்றேன், பின்னாடி வேர் மேல ஏறி வந்தா இன்னொரு சின்ன ஆபரேஷன் வரலாம், உங்களுக்கு சம்மதமான்னு கேட்டாங்க. சம்மதம்னு ஃபார்ம்லயே தனியா எழுதி கையெழுத்து போட்டுட்டேன்.