ஈம் கிராமத்துக் கல்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஈம் என்று ஒரு சின்னக் கிராமம். ஊருக்கும் பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டனுக்கும் நடுவே, புல்வெளியில் ஒரு கல் கிடக்கிறது. அதில் ஆறு குழிகள். ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தது, உள்ளே யாரோ போட்ட சில்லறை. அப்புறம் ரொம்ப நேரம் அங்கிருந்து நகர முடியவில்லை.

1665இல் லண்டனிலிருந்து ஒரு தையற்காரர் வீட்டுக்கு வந்த துணியோடு பிளேக்கும் வந்தது என்பார்கள். மறு வருடம் ஜூனில் பாதிரியார் வில்லியம் மோம்பெசனும், அவருக்கு முன் அங்கே பாதிரியாராக இருந்த தாமஸ் ஸ்டான்லியும் பேசி, ஊர் மக்கள் எல்லையைத் தாண்டுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். நோய் பக்கத்து ஊர்களுக்குப் போகக்கூடாதே! வெளியூர்க்காரர்கள் சாப்பாட்டை எல்லையில் வைத்துவிட்டுப் போக, இவர்கள் காசோடு நோய் போய்விடக்கூடாதென்று, அதை வினிகர் ஊற்றிய அந்தக் குழிகளில் போட்டார்கள்.

சுமார் 260 பேர் இறந்தார்கள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள். ரைலி கல்லறைகள் என்று வயலுக்கு நடுவே, வட்டமான சுற்றுச்சுவருக்குள் அந்த நினைவுக்கற்கள் இன்னும் நிற்கின்றன. ஒவ்வொரு பெயராகப் படிக்கவே முடியவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது.

மோம்பெசனின் மனைவி கேதரினும் 1666 ஆகஸ்டில்தான் இறந்துபோனார். தேவாலய வளாகத்தில், ஆயிரம் வருடத்துக்கும் பழைய, சாக்சன் இனத்தார் காலத்துச் சிலுவை நிற்கும் அதே இடத்தில்தான் அவர் கல்லறையும்.