அடக்கத்துக்குப் பிறகு வரும் அறிக்கை

போலீஸ் காவலில் யாராவது இறந்துபோனார் என்றால் எனக்கு வரும் முதல் போன் பெரும்பாலும் ஏதாவது ஓர் அரசு ஆஸ்பத்திரியின் மார்ச்சுவரி வாசலிலிருந்துதான் வரும். பேசுகிறவர் இறந்தவரின் மச்சானாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். "சார், கையெழுத்துப் போட்டு பாடிய வாங்கிக்கங்கன்னு சொல்றாங்க. வாங்கலாமா?" அந்த நேரத்தில் அவர்கள் கையில் துண்டுக் காகிதம்கூட இருக்காது. எஃப்.ஐ.ஆர். நகல் இருக்காது. உடம்பில் எங்கெங்கே காயம் என்று தெரியாது. உயிர் எங்கே, எப்போது போனது என்பதற்கு ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள். ஆனால் அடக்கம் பண்ணுவதா வேண்டாமா என்பதை மட்டும் பொழுது சாய்வதற்குள் முடிவு செய்துவிட வேண்டும்.

மதுரை ஒத்தக்கடை பக்கம் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையில் இந்த மாதிரி மனுக்களோடு நிற்பது என் தொழில். ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். "தர முடியாது" என்று அரசுத் தரப்பு எழுதிக் கொடுப்பது அபூர்வம். கடைசியில் எல்லாம் வந்துவிடும். பிரேதப் பரிசோதனை அறிக்கை வரும், விசரா எனும் உள்ளுறுப்புச் சோதனையின் முடிவு வரும், மாஜிஸ்திரேட் விசாரணை அறிக்கையும் ஒருநாள் வரும். அதைக் கொண்டு எதுவும் செய்ய முடியாத காலத்தில் வரும். மறு பிரேதப் பரிசோதனை கேட்பதற்கு உடல் வேண்டும். கேமராப் பதிவு கேட்பதற்கு அந்தப் பதிவு அழியாமல் இருக்க வேண்டும்.

சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூனில் போலீஸ் பிடித்துப்போன ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்தபோது, மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்து, கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டை அந்தக் காவல் நிலையத்துக்கு அனுப்பியது. அங்கே கேமரா இருந்தது. ஹார்டு டிஸ்க்கில் இடமும் தாராளமாக இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழிந்துபோகிற மாதிரி வைத்திருந்தார்கள். சம்பவம் நடந்த இரவின் காட்சி இல்லை. அந்த நிலையத்தை வருவாய்த்துறையின் பொறுப்பில் விடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. அதே ஆண்டு டிசம்பரில்தான் காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

அதே டிசம்பரில், மதுரை மாவட்டத்து இளைஞர் ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், நம் கிளையும் ஓர் உத்தரவு போட்டது. பரிசோதனைக்கு முன்னால் குடும்பத்தார் உடலைப் பார்க்க வேண்டும். பரிசோதனையை வீடியோ எடுக்க வேண்டும். அறிக்கையும் வீடியோவும் விசாரணை அதிகாரிக்குப் போகும்போதே குடும்பத்துக்கும் போக வேண்டும். நீதிமன்றம் போகப்போகிறோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் உடலை 48 மணி நேரமாவது பாதுகாக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரத்தில் வந்த உத்தரவுகளிலேயே மக்களுக்கு அதிகம் பயன்படக்கூடியது இதுதான். ஆனால் இதை நான் அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருக்கிறது. காட்டினாலும், "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்பார்கள். அந்த மேலிடத்தின் பதில் வருவதற்குள் ஊரில் பந்தல் போட்டிருப்பார்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் மாதக்கணக்கில் என் ஆபீசுக்கு வந்துகொண்டிருந்தார். மகனின் அறிக்கைக்காக. எங்கள் குமாஸ்தா அண்ணனைப் பார்த்ததும் முதலில் அதைத்தான் கேட்பார். ஒருநாள் என்னிடம், "ஐயா, எம்புள்ள எப்படிச் செத்தான்னு எழுதின காயிதத்த பெத்தவகிட்டக் காட்டக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலய்யா இருக்கு?" என்றார். "அப்படி ஒரு சட்டம் இல்லம்மா" என்றேன். அதுதான் உண்மை.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176-வது பிரிவு, காவல் மரணங்களை நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும் என்றது. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் அது 196-வது பிரிவு. உறவினர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும், விசாரணையில் அவர்கள் இருக்க அனுமதிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று இல்லை. அறிக்கையின் நகலைக் குடும்பத்துக்குத் தர வேண்டும் என்றும் ஒரு வரி இல்லை. அந்த இடைவெளியில்தான் கோப்புகள் படுத்துவிடுகின்றன.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், 8(1)(எச்)-ஐ எழுதி அனுப்புவார்கள்: புலன்விசாரணைக்கு இடையூறாகும் தகவலை மறுக்கலாம் என்ற பிரிவு. விசாரணை நடக்கிறது என்பது மட்டும் காரணமாகாது, எப்படி இடையூறு என்று காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைப்பதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். இந்த வழக்குகளில் சாட்சி சொல்கிறவர் அதே ஊரில் அதே போலீசுக்கு நடுவே வாழ வேண்டியவர். ஆனால் விலா எலும்பு எத்தனை முறிந்திருந்தது என்பதைத் தாயிடமிருந்து மறைத்து எந்தச் சாட்சியைக் காப்பாற்றுகிறோம்?

பெரிய விசாரணை ஆணையங்களிலும் இதே கதைதான், அளவுதான் வேறு. தூத்துக்குடியில் 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே மாதம் இறுதி அறிக்கையைக் கொடுத்தது. அது சட்டப்பேரவைக்கு வந்தது அக்டோபரில். ஜெயலலிதா மரணத்தை விசாரித்த ஆறுமுகசாமி ஆணையத்தின் அறிக்கையும் அதே நாளில்தான் வந்தது. 1952-ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டம், அறிக்கையைப் பேரவையில் வைக்க ஆறு மாத அவகாசம் தருவதால் சட்டப்படி இதில் தவறில்லை. அந்த ஆறு மாதம் எதற்கு என்பதுதான் என் கேள்வி. நான்கு வருடம் காத்திருந்த குடும்பம், எழுதி முடித்த அறிக்கைக்காக ஏன் இன்னும் காத்திருக்க வேண்டும்?

வேகமாகச் செய்ய முடியாது என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. 2025 ஜூன் 28 அன்று மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் பிடியில் இறந்தார். ஜூலை 1 அன்று மதுரைக் கிளை, மாவட்ட நீதிபதி ஒருவரை விசாரிக்கச் சொல்லி ஜூலை 8 வரை அவகாசம் கொடுத்தது. 8-ஆம் தேதி அறிக்கை வந்துவிட்டது. உடலில் 44 காயங்கள் இருந்தது முதல் வாரத்திலேயே ஊருக்கே தெரிந்தது. கேட்கிற இடம் உயர் நீதிமன்றமாக இருந்தால் ஒரு வாரம் போதுகிறது. கேட்பவர் உசிலம்பட்டி அம்மாவாக இருந்தால் மாதங்கள் ஆகின்றன.

அதனால் இப்போது மார்ச்சுவரி வாசலிலிருந்து போன் வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாள் வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். உடலை முன்னும் பின்னும் பார்க்க வேண்டும், வீடியோவும் அறிக்கையின் நகலும் வேண்டும், நீதிமன்றம் போகவிருப்பதால் 48 மணி நேரம் உடலை வைத்திருங்கள், காவல் நிலையக் கேமராப் பதிவை அழிக்காதீர்கள் என்று கைப்படவே எழுதச் சொல்கிறேன். கலெக்டர், எஸ்.பி., மாஜிஸ்திரேட், ஆஸ்பத்திரி டீன் நான்கு பேருக்கும். வாங்கிக்கொண்டதற்கு நேரம் போட்டு ஒப்புகை வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, பக்கத்துத் தபால் ஆபீசிலிருந்து அன்றைக்கே ஸ்பீடு போஸ்ட்டில் போட்டுவிட வேண்டும். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மறுநாள் காலை மனுவோடு முதலில் இணைப்பது அதைத்தான்.