இரட்டை எஞ்சின் விமானம் வாங்கப் போனபோது நாங்கள் போட்ட எடைக் கணக்கும் செலவுக் கணக்கும்

தெற்கு ஃப்ளோரிடாவிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்குக் குடும்பத்தோடு போய்வர இரட்டை எஞ்சின் பிஸ்டன் விமானம் ஒன்றை மூன்று நண்பர்கள் பணம் போட்டு வாங்கினோம். கடலுக்கு மேலே ஒற்றை எஞ்சினை நம்பிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக மூவருக்குமே மனசு வரவில்லை, அதனால் ஒன்றா இரண்டா என்ற பேச்சே எழவில்லை. எந்த விமானம் என்பதில்தான் நாள்கள் ஓடின. இதே யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

விற்பனை விளம்பரங்களில் இரண்டு எண்களைப் பெரிதாகப் போடுவார்கள், ஒன்று யூஸ்ஃபுல் லோட், இன்னொன்று வேகம். யூஸ்ஃபுல் லோட் என்பது அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடையிலிருந்து வெறும் விமானத்தின் எடையைக் கழித்து வருவது, அதாவது எரிபொருளும் அதற்குள்ளேதான் அடக்கம். ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் மிஞ்சுவதுதான் பேலோட். அது உங்கள் பயணம் எவ்வளவு தூரம், போய் இறங்கும் இடத்தில் எரிபொருள் கிடைக்குமா என்பதைப் பொறுத்தது. பிஸ்டன் விமானத்துக்குப் போடும் பெட்ரோலான ஏவ்கேஸ் ஒரு காலன் 6 பவுண்ட், எனவே 100 காலன் போட்டால் 600 பவுண்ட் அங்கேயே போய்விடும்.

எங்கள் கணக்குக்கு ஃபோர்ட் லாடர்டேல் எக்ஸிக்யூட்டிவ் நிலையத்திலிருந்து பஹாமாஸின் ஸ்டேனியல் கே தீவுக்குப் போய்த் திரும்புவதை அளவாக வைத்துக்கொண்டோம். நேர்கோட்டில் ஒரு பக்கம் 235 நாட்டிகல் மைல் அளவுக்கு வரும், வழியில் சுங்கத்துக்காக இறங்குவதையும் சேர்த்து போகவர 500 என்று வைத்தோம். அந்தச் சின்னத் தீவில் ஏவ்கேஸ் கிடையாது, வரும் வழிக்கும் சேர்த்தே சுமந்துகொண்டு போகணும். பகலில் கண்பார்வை விதிப்படி பறந்தால் 30 நிமிடக் கையிருப்பு போதும் என்கிறது அமெரிக்கச் சட்டம், நாங்கள் 45 நிமிடத்துக்குக் குறையக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். ஏற்ற வேண்டியது ஐந்து பெரியவர்கள் 850 பவுண்ட், பெட்டிகள் 120, உயிர்காப்புப் படகும் லைஃப் ஜாக்கெட்டுகளும் 45, ஆக மொத்தம் 1,015.

கடைசிச் சுற்றுக்கு வந்தவை நான்கு. 520 மாடல் எஞ்சின் போட்ட பீச்கிராஃப்ட் பாரன் 58, செஸ்னா 310ஆர், பைப்பர் செனெகா 2, பைப்பர் ஆஸ்டெக்.

பாரன் பார்க்கவே அழகு, 190 நாட் (மணிக்கு 190 நாட்டிகல் மைல்) போகும், மணிக்கு 30 காலன் குடிக்கும். நாங்கள் பார்த்த விமானத்தின் யூஸ்ஃபுல் லோட் 1,550. இந்தப் பயணத்துக்கு 105 காலன், அதாவது 630 பவுண்ட் கழித்தால் 920 நிற்கிறது. ஐந்து பேர் ஏறலாம், முக்கால்வாசிப் பெட்டிகளை வீட்டில் விட்டுவிடணும்.

செனெகாவில் எரிபொருள் மிச்சம், ஆனால் அதில் ஜீரோ ஃபியூயல் எடை என்று ஒரு வரம்பு இருக்கிறது, அதாவது எரிபொருளைச் சேர்க்காமல் விமானமும் ஏற்றியதும் சேர்ந்து 4,000 பவுண்டைத் தாண்டக்கூடாது. இறக்கையில் இருக்கும் எரிபொருள் இறக்கையைக் கீழே அழுத்திப் பிடிக்கும், கேபினில் ஏற்றும் எடையோ இறக்கை விமான உடலோடு சேரும் இடத்தில் வளைவைக் கூட்டும். அதனால் எரிபொருளைக் குறைத்தாலும் அந்த இடத்தில் ஆளையோ பெட்டியையோ ஏற்ற முடியாது. நாங்கள் பார்த்த விமானத்தின் வெற்றெடை 3,100, ஆகவே கேபினில் 900க்கு மேல் எந்தப் பயணத்திலும் கிடையாது. விளம்பரத்தில் இந்த வரி இருக்காது, கையேட்டைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

310ஆரில் பேலோட் 1,150 வந்தது, போதும். ஆஸ்டெக்கில் 105 காலன் போட்ட பிறகும் 1,330 நின்றது. காகிதத்தில்.

இங்கேதான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். ஆஸ்டெக் உற்பத்தி 1981-லேயே முடிந்துவிட்டது, நாங்கள் பார்த்தது அதற்கும் மூத்தது. அதன் எடைத் தாள், தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் எண்ணில் தொடங்கி, ஒவ்வொரு ரேடியோ மாற்றும்போதும் கூட்டிக் கழித்துக்கொண்டே வந்த கணக்கு. நடுவில் யாரோ ஏடிஎஃப் என்ற பழைய ரேடியோ திசைகாட்டிக் கருவியைக் கழற்றியிருக்கிறார்கள், அதன் ஒயர் இன்னும் தரைத் தகட்டுக்கடியில் கிடக்கிறது. பழைய பெயின்ட் மேலேயே புதுப் பெயின்ட். எங்கள் செலவிலேயே எடை போட்டுப் பார்க்கிறோம் என்று கேட்டோம், உரிமையாளர் தாராளமாகச் சம்மதித்தார். தொட்டிகளிலிருந்து எரிபொருளை வடித்தார்கள், எஞ்சின் ஆயிலை முழு அளவுக்கு ஊற்றினார்கள், மூன்று சக்கரத்துக்கும் மூன்று தராசு வைத்து மட்டம் பார்த்து நிறுத்தினார்கள். அப்புறம் மெக்கானிக் போய் ஹேங்கர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். லேசான காற்று இறக்கைமேல் பட்டாலும் எண் மாறும் என்றார். தாளில் இருந்ததைவிட 60 பவுண்ட் கூடுதல். பேலோட் 1,270 ஆனது, அப்போதும் எங்கள் தேவைக்குத் தாராளம்.

சரி, செலவு. எல்லோரும் மணிக்கணக்கில்தான் பேசுகிறார்கள். வேகம் வேறு வேறாக இருக்கும்போது மணிக் கணக்கை வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை, மைல் கணக்குதான் சரி. ஏவ்கேஸ் காலன் 6.50 டாலர் என்று வைத்தால் பாரனுக்கு மணிக்கு 195 டாலர், ஆஸ்டெக்குக்கு 26 காலனுக்கு 169. ஆனால் ஆஸ்டெக் 160 நாட்தான் போகும். மைலுக்கு வகுத்தால் பாரன் 1.03, ஆஸ்டெக் 1.06, 310ஆர் 0.98, மணிக்கு 22 காலன் குடிக்கும் செனெகா 0.89. ஆஸ்டெக் மெதுவாகப் போவதால் சிக்கனம் என்று நினைத்தால் அது இல்லை, பாரன் வேகமாகப் போவதால் செலவாளி என்றால் அதுவும் இல்லை.

எஞ்சின் ஓவர்ஹாலுக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒரு லட்சம் டாலர் ஒதுக்கினோம். ஒரு ஓவர்ஹாலுக்கும் அடுத்ததுக்கும் இடையே ஆஸ்டெக்கின் லைகாமிங் எஞ்சினுக்கு 2,000 மணி, பாரனின் கான்டினென்டலுக்கு 1,700 மணி. மணிக்கு 50, 59. மைலுக்கு வகுத்தால் இரண்டுமே 31 சென்ட்! செனெகாவில் டர்போ இருப்பதால் அதற்கென்று தனியாகவும் ஒதுக்க வேண்டும், எரிபொருளில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அங்கே போய்விடும்.

ஆனால் உண்மையில் கையைக் கடிப்பது இவை எதுவும் இல்லை. ஹேங்கர் வாடகை, இன்சூரன்ஸ், ஆண்டுச் சோதனை மூன்றும் சேர்த்து எங்களுக்கு வருடத்துக்கு 26,500 டாலர் வந்தது. வருடம் 120 மணி பறந்தால் மணிக்கு 221 டாலர், ஆஸ்டெக்கின் எரிபொருளைவிட அதிகம். எரிபொருளில் மணிக்கு 26 டாலர் மிச்சமாகிறதே என்று பெட்டிகளோடு ஐந்து பேரை ஏற்ற முடியாத செனெகாவை வாங்கினால், ஆள் ஒருவருக்கு மைலுக்கு என்ன ஆகிறது என்று போட்டுப் பாருங்கள், எல்லாம் தலைகீழாகிவிடும்.

310ஆர் நல்ல விமானம்தான், கணக்கில் ஆஸ்டெக்கோடு நெருங்கியே வந்தது. வாங்குமுன் செய்த சோதனையில் இறக்கைக்குள் உப்புக்காற்று அரிப்பு தெரிந்தது, சரிசெய்ய என்ன ஆகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, விட்டுவிட்டோம். அதன் எரிபொருள் அமைப்பும் கொஞ்சம் பழக வேண்டியது. எஞ்சினிலிருந்து மிச்சமாகித் திரும்பும் எரிபொருள் இறக்கை நுனித் தொட்டிக்குத்தான் போகும், அதனால் முதலில் அதில் இடம் காலியாகும்வரை எரித்துவிட்டுத்தான் துணைத் தொட்டிக்கு மாற்றணும்.

ஆஸ்டெக்கை எடுத்தோம். அதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் விமானத்தில் சக்கரத்தையும் ஃபிளாப்பையும் இயக்கும் ஹைட்ராலிக் பம்ப் இடது எஞ்சினில் மட்டும்தான். இடது எஞ்சின் நின்றால் இழுவை குறையச் சக்கரத்தை மடக்கணும், மடக்க பம்ப் இல்லை. நடுவில் இருக்கும் கைப்பிடியை இழுத்து ஊர்த் தெரு அடிபம்பு மாதிரி அடிக்க வேண்டும், அதுவும் விமானம் ஒரு பக்கம் திரும்பாமல் பிடிக்கும் வால் சுக்கானான ரடரை ஒரு காலால் முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டே. ஒற்றை எஞ்சினில் ஏறும் வேகமும் முழு எடையில், கடல் மட்டத்தில், நிமிடத்துக்கு 200 சொச்சம் அடிதான், கோடை வெயிலில் அதுவும் குறையும். இந்த எடைப் பிரிவில் பல விமானங்களுக்கு, ஒரு எஞ்சினில் மேலே ஏறியே ஆகணும் என்று அமெரிக்க விதி கட்டாயப்படுத்துவதும் இல்லை. இன்சூரன்ஸ்காரர்கள் பயிற்றுநரோடு பறந்துவிட்டு வரச் சொன்னார்கள், அந்த மணிகளில் பாதியை இதற்கே செலவழித்தோம். எந்த இரட்டை எஞ்சின் வாங்கினாலும் அதைச் செய்யுங்கள்.

செலவைப் பிரித்துக்கொள்வது சுலபமாகவே முடிந்தது. நிலையான செலவை மாதாமாதம் மூன்றாகப் பிரிக்கிறோம், எரிபொருளைப் பறப்பவரே போட்டுக்கொள்கிறார், அதற்கு மேல் மணிக்கு 85 டாலர் பொதுக் கணக்கில் கட்டுகிறார். அதில் 50 எஞ்சினுக்கு, மீதி ப்ரொபெல்லர், டயர், கேபின் ஹீட்டர் சோதனை மாதிரியான செலவுகளுக்கு. எஞ்சின் பணத்தை வேறு எதற்கும் தொடக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.